வாசலில் ஒரு கண்: காணொளி அழைப்புமணியும் அனுமதி கோரும் ஒழுக்கமும்





நம் வீட்டு வாசல்களில் இப்போது புதியதொரு கருவி இடம்பிடித்து வருகிறது. வந்தவர் பொத்தானை அழுத்தியதும் உள்ளே மணி ஒலிக்கிறது. அதே நேரத்தில் வீட்டாரின் கைபேசியில் அவருடைய முகம் தெரிகிறது. கைபேசியை வைத்திருப்பவர் அடுப்படியில் இருந்தாலும் அபூதாபியில் இருந்தாலும் வாசலில் நிற்பவருடன் பேசலாம். காணொளி அழைப்புமணி என்றும் ஸ்மார்ட் டோர்பெல் என்றும் இதனைச் சொல்கின்றனர். இதை வீட்டில் பொருத்தலாமா என்னும் கேள்வி இன்று பல குடும்பங்களில் எழுந்துள்ளது.

பொருத்தலாம் என்பதே நம் கருத்து. உருவத்தைப் பதிவு செய்வது பற்றி மார்க்க அறிஞர்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இங்கே செல்லவில்லை. நாம் பேச விரும்புவது வேறொன்று. பிறர் வீட்டு வாசலில் நம் கண்ணை எவ்வாறு காத்துக்கொள்ள வேண்டும் என்று இஸ்லாம் விரிவாகக் கற்றுத் தந்துள்ளது. இப்போது நம் வாசலிலேயே ஒரு கண்ணைப் பதிக்கிறோம். அந்தக் கண்ணுக்கும் அதே ஒழுக்கம் பொருந்தும் என்பதை மறந்துவிடலாகாது.

பயனை மறுப்பதற்கில்லை

ஆண்கள் வெளிநாட்டிலோ வெளியூரிலோ இருக்க, பெண்களும் முதியவர்களும் மட்டுமே வசிக்கும் வீடுகள் நம் சமுதாயத்தில் ஏராளம். முன்பின் அறியாத ஒருவர் நண்பகலில் கதவைத் தட்டும்போது, கதவைத் திறக்காமலேயே அவர் யார் என்று அறிவது ஒரு பெண்ணுக்கு எத்தகைய நிம்மதி என்பதை நாம் உணர வேண்டும். முழங்கால் வலியால் எழுந்து நடக்க இயலாத மூதாட்டிக்கு, இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்ல முடிவது ஓர் உதவியே.

இக்கருவியின் முன்னோடியை உருவாக்கியவரும் ஒரு பெண்ணே. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், இரவு நேரங்களில் வீட்டில் தனித்திருக்க நேர்ந்தவர். வாசலில் நிற்பவரை உள்ளிருந்தே திரையில் பார்த்துப் பேசும் அமைப்பொன்றை அவரும் அவருடைய கணவரும் வடிவமைத்தனர். 1966இல் விண்ணப்பித்து, 1969இல் அதற்குக் காப்புரிமை பெற்றனர். வீட்டில் இருக்கும் பெண்ணின் அச்சத்தைப் போக்குவதற்காகப் பிறந்தது இக்கருவி. இதை நினைவில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

அனுமதி எதற்காக?

அருள்மறை குர்ஆனின் அந்நூர் அத்தியாயத்தில் 27, 28ஆம் வசனங்கள், பிறர் இல்லங்களில் நுழையும் முன் அனுமதி பெற்று ஸலாம் கூறும்படி நம்மைப் பணிக்கின்றன. திரும்பிச் செல்லுங்கள் என்று சொல்லப்பட்டால் மனம் கோணாமல் திரும்பிவிட வேண்டும் என்றும் அறிவுறுத்துகின்றன. அதே அத்தியாயத்தின் 58ஆம் வசனம், ஒரே வீட்டில் வாழும் சிறுவர்கள்கூட ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகல் ஓய்வின்போதும், இஷாவுக்குப் பின்பும் அனுமதி கேட்டே உள்ளே வர வேண்டும் என்று கற்பிக்கிறது.

இதன் காரணத்தை நபி (ஸல்) அவர்கள் தெளிவுபடுத்தியுள்ளார்கள். ஒருவர் நபியவர்களின் அறையைத் துவாரம் வழியாக எட்டிப் பார்த்தபோது அவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணத்தால்தான் என்றும் விளக்கினார்கள். ஸஹ்ல் பின் ஸஅத் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. நபியவர்கள் ஒருவரது இல்லத்திற்குச் சென்றால் வாசலுக்கு நேர் எதிரே நிற்காமல், வலப்புறமோ இடப்புறமோ ஒதுங்கி நிற்பார்கள் என அபூதாவூதில் காண்கிறோம். அக்காலத்து வீட்டு வாசல்களில் திரைச்சீலை இருக்கவில்லை என்பதும் அங்கேயே குறிப்பிடப்படுகிறது.

ஆக, கால் உள்ளே நுழைவதற்கு முன்பே கண் நுழைந்துவிடக் கூடாது என்பதுதான் சட்டத்தின் உயிர். இந்தக் கட்டுப்பாடு விருந்தினருக்கு மட்டும் உரியதா? நம் வாசலில் இருக்கும் கண் எதிர் வீட்டின் கூடத்திற்குள் நுழைந்தால், அனுமதியின்றி நுழைந்தவர் நாமே ஆவோம்.

இரண்டாம் பார்வை

தெரு பொது இடம்தானே, அங்கே செல்வோரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமே என்று சிலர் வாதிடுவர். வாதத்தில் பாதி உண்மை. திண்ணையில் அமர்ந்திருப்பவர் தெருவில் போவோரைப் பார்ப்பது தவிர்க்க இயலாதது. ஆனால் நபி (ஸல்) அவர்கள் அலீ (ரலி) அவர்களிடம், ஒரு பார்வையைத் தொடர்ந்து மறு பார்வையைச் செலுத்த வேண்டாம் என்றும், முதலாவது மன்னிக்கப்படும், அடுத்தது அவ்வாறன்று என்றும் உபதேசித்ததை அபூதாவூதும் திர்மிதியும் பதிவு செய்துள்ளார்கள்.

கேமராவுக்கு முதல் பார்வை, இரண்டாம் பார்வை என்ற வேறுபாடு கிடையாது. எதிர்பாராமல் பட்ட பார்வையையும் அது சேமித்து வைக்கிறது. நிறுத்தி, பெரிதாக்கி, எத்தனை முறை வேண்டுமானாலும் பார்க்கலாம். அடுத்தவருக்கு அனுப்பவும் செய்யலாம். திண்ணைப் பார்வையோடு இதனை ஒப்பிடுவது பொருந்தாது.

காயல்பட்டினம் போன்ற நம் ஊர்களில் பெண்கள் அந்நிய ஆண்களின் எதிரே வராமல் சென்று வருவதற்காகவே முடுக்குகளை நம் முன்னோர் அமைத்தார்கள். அத்தகைய சந்தை நோக்கிய கதவில் ஒரு கேமராவைப் பொருத்தினால், முன்னோர் தந்த பாதுகாப்பைச் சிறு கருவியொன்று பறித்துவிடும். நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இச்சிக்கல் இன்னும் கூடுதல். ஐந்தாறு அடி இடைவெளியில் கதவுகள் எதிரெதிரே இருக்கின்றன. எதிர் வீட்டுக் கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் முந்தானையைச் சரிசெய்தபடி வரும் அவ்வீட்டுப் பெண் நம் செயலியில் பதிவாகிறார். யாருடைய தொல்லையிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ, அவர் இறைநம்பிக்கையாளர் அல்லர் என்ற நபிமொழியை இவ்விடத்தில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பேச்சொலி இதைவிடக் கவனத்திற்குரியது. இக்கருவிகள் உருவத்துடன் ஒலியையும் பதிவு செய்கின்றன. மக்கள் விரும்பாத நிலையில் அவர்களின் பேச்சைச் செவிமடுப்பவரின் காதில் மறுமையில் உருக்கிய ஈயம் ஊற்றப்படும் என்ற எச்சரிக்கை புகாரியில் உள்ளது. இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகர நீதிமன்றத்தில் 2021இல் அண்டை வீட்டார் இருவருக்கிடையே இத்தகைய அழைப்புமணியும் கேமராக்களும் குறித்து ஒரு வழக்கு நடந்தது. தொலைவில் பேசுவோரின் குரலையும் கருவி பிடித்துவிடுவதால், காட்சியைக் காட்டிலும் ஒலிப்பதிவே அதிகத் தீங்கானது என்று நீதிபதி கருதினார். பொருத்தியவர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினார் என்றும் தீர்ப்பளித்தார்.

நம் நாட்டில், அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அறிவித்தது. ஆனால் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிநபர் ஒருவர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்காகச் செய்யும் பதிவுகளுக்குப் பொருந்தாது. சட்டம் விலக்களித்த காரணத்தால் மனிதர்களின் உரிமை நம் கணக்கிலிருந்து நீங்கிவிடாது. அண்டை வீட்டாரின் மானம் அவர்களுக்குரிய ஹக்கு. அதற்கு அல்லாஹ்விடம் பதில் சொல்லியே தீர வேண்டும்.

கடல் கடந்திருக்கும் கணவருக்கு

பேசத் தயங்கும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லியாக வேண்டும். இக்கருவி பல வீடுகளில் பாதுகாப்பின் பெயரால் நுழைந்து, வேவு பார்ப்பதில் போய் முடிகிறது. வளைகுடாவில் இருக்கும் கணவரின் கைபேசியில் மட்டும் செயலி இருக்கும். வாசலில் நிழல் அசைந்தாலும் அவருக்கு அறிவிப்பு வரும். பத்து மணிக்கு வந்தவர் யார், அஸருக்குப் பின் வெளியே சென்றது எங்கே, திரும்பி வர ஏன் இவ்வளவு நேரம் என்று மாலையில் தொலைபேசியில் விசாரணை தொடங்கும். குடும்பத்திற்காக உழைக்கச் சென்றவரும், அவரது குடும்பத்தைத் தனியே தாங்கி நிற்பவரும் அந்த உரையாடலின் முடிவில் மனம் கசந்து பிரிகின்றனர்.

நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பும் ஒருவர், குடும்பத்தாரின் குறைகளைத் தேடும் நோக்கிலோ அவர்கள் துரோகம் செய்கிறார்களா என்று ஐயுற்றோ முன்னறிவிப்பின்றி இரவில் வீடு வந்து சேர்வதைத் தடுத்தார்கள். ஜாபிர் (ரலி) அவர்கள் இதனை அறிவிப்பதாக முஸ்லிமில் உள்ளது. ஓர் இரவு திடீரென வந்து நிற்பதே தடுக்கப்பட்டிருக்க, நாள் முழுவதும் ஒளிந்திருந்து பார்ப்பது எவ்வாறு ஆகுமாகும்? அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் முதலில் சந்தேகத்தையும், அடுத்துத் துருவித் துருவி ஆராய்வதையும், அதன்பின் புறம் பேசுவதையும் தடை செய்கிறது. ஒன்று மற்றொன்றுக்கு வழி திறக்கும் என்பதை இந்த வரிசையே உணர்த்துகிறது.

ஆகவே செயலி முதலில் இருக்க வேண்டியது வீட்டில் இருப்பவரின் கையில். வெளிநாட்டில் இருப்பவரும் அதனைப் பெறலாம். ஆனால் மனைவியும் பெற்றோரும் அறிந்து, உடன்பட்ட பிறகே பெற வேண்டும். ஒரே வளாகத்தில் சகோதரர்கள் கூடி வாழும் வீடுகளிலும் இதுவே நெறி. உடன் வசிப்பவரின் சம்மதமின்றி வீட்டின் வசிப்பிடப் பகுதிக்குள் கேமரா பொருத்தலாகாது என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025இல் தீர்ப்பளித்தது. அதில் தலையிட உச்ச நீதிமன்றமும் மறுத்துவிட்டது.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, மின்சாரம். நம் வீட்டுக் காலிங் பெல் பெரும்பாலும் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாக இயங்குவது. வெளிநாட்டிலிருந்து வாங்கி வரும் கம்பிவழிக் கருவிகள் பல 16 முதல் 24 வோல்ட் வரையே தாங்கும். பழைய கம்பியில் அப்படியே இணைத்தால் கருவி கருகும். உயிருக்கும் ஆபத்து நேரலாம். உரிய மின்மாற்றியுடன் எலக்ட்ரீஷியனைக் கொண்டு பொருத்துங்கள். அல்லது பேட்டரியில் இயங்குவதை வாங்குங்கள். மின்தடையின்போது வைஃபையும் நின்றுவிடும் என்பதால் ரூட்டருக்குச் சிறிய யுபிஎஸ் ஒன்று தேவைப்படும்.

இரண்டாவது, கோணம். தரையிலிருந்து ஏறத்தாழ நான்கடி உயரத்தில், நம் படிக்கட்டில் நிற்பவர் மட்டும் தெரியுமாறு திருப்பிப் பொருத்துங்கள். கோணம் திருப்பும் ஆப்பு பல கருவிகளுடனேயே கிடைக்கிறது. செயலியில் இரண்டு அமைப்புகள் இருக்கும். அசைவு எல்லை என்பது எந்த இடத்தில் அசைவு நேர்ந்தால் பதிவு தொடங்க வேண்டும் என்பதை மட்டுமே தீர்மானிக்கும். எதிர் வீடு அப்போதும் படத்தில் விழும். மறைப்புப் பகுதி என்பதே அந்த இடத்தைக் கறுப்பாக்கி மறைக்கும். அண்டை வீட்டு வாசலையும் சன்னலையும் மறைப்புப் பகுதிக்குள் கொண்டு வாருங்கள். ஒலிப்பதிவை நிறுத்தும் வசதி இருந்தால் நிறுத்திவிடுங்கள். பிறகு எதிர் வீட்டாரை அழைத்துத் திரையைக் காட்டி, அவர்களுடைய மனநிறைவைப் பெறுங்கள்.

மூன்றாவது, சேமிப்பு. பல கருவிகள் காட்சிகளை நிறுவனத்தின் சேவையகத்தில் வைக்கின்றன. ரிங் நிறுவனத்தின் ஊழியர்கள் பெண்களின் அந்தரங்க அறைகளில் இருந்த கேமராக்களின் காட்சிகளைப் பார்த்ததாக அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2023இல் குற்றஞ்சாட்டியது. அந்நிறுவனம் 58 லட்சம் டாலர் செலுத்த உடன்பட்டது. எனவே நம்மிடமுள்ள நினைவக அட்டையிலேயே பதியும் கருவி மேலானது. குறைந்த நாட்களில் பதிவுகள் தாமாக அழியுமாறு அமையுங்கள். வலுவான கடவுச்சொல்லுடன் இருபடிச் சரிபார்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். கருவியை வீட்டுக்குள் திருப்பி வைக்கவே வேண்டாம்.

மணி ஒலித்த பிறகு

வந்தவர் யாரென்று திரையில் பார்த்துக்கொண்டே, அவரை மீண்டும் மீண்டும் மணி அடிக்கவிட்டுப் பேசாமல் இருப்பதும், உள்ளே இருந்துகொண்டு வெளியூரில் இருப்பதாகக் கூறுவதும் நமக்கு அழகல்ல. சந்திக்க வசதிப்படவில்லை என்றால், பிறகு வாருங்கள் என்று கண்ணியமாகச் சொல்ல குர்ஆனே நமக்கு உரிமை தந்திருக்கிறது. உரிமை இருக்கும் இடத்தில் பொய்க்கு என்ன தேவை?

வருபவருக்கும் கடமை உண்டு. கேமராவில் முகம் தெரிகிறதே என்று ஸலாமையும் பெயரையும் விட்டுவிடலாகாது. யாரென்று கேட்கப்பட்டபோது 'நான்' என்று மட்டும் ஜாபிர் (ரலி) அவர்கள் சொன்னதை நபியவர்கள் விரும்பவில்லை. மூன்று முறை அனுமதி கேட்டும் பதில் இல்லையெனில் திரும்பிவிடுவதே நபிவழி.

பதிவான காட்சியைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, இவன் நடமாட்டம் சரியில்லை என்று எழுதுவது இன்று எளிதாகிவிட்டது. முகவரி தேடி அலைந்த கூரியர் இளைஞரும், உதவி கேட்டு வந்த ஏழையும் ஒரே இரவில் திருடராகிவிடுகின்றனர். குற்றம் நடந்திருந்தால் காட்சியைக் காவல்துறையிடம் ஒப்படையுங்கள். அது அமானிதத்தை உரிய இடத்தில் சேர்ப்பது. குற்றம் ஏதும் இல்லையென்றால் அழித்துவிடுங்கள். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைக்கிறான்.

இக்கருவியை வாங்க எண்ணும் குடும்பத்தார் ஒருநாள் இஷாவுக்குப் பின் ஒன்றாக அமர்ந்து, யாருடைய அச்சத்தைப் போக்க இதனை வாங்குகிறோம், யார் யார் இதில் பார்க்கலாம், எதைப் பார்க்கக் கூடாது, எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என்று மஷூரா செய்துகொள்ளட்டும். அந்தப் பேச்சில் வீட்டுப் பெண்களின் சொல்லுக்கு முதலிடம் கொடுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை அச்சமற்றவையாகவும், நம் அண்டை வீட்டார் நம்மால் நிம்மதி பெறுவோராகவும், நம் பார்வைகளைப் பேணுதல் உள்ளவையாகவும் ஆக்கியருள்வானாக! ஆமீன்.