செல்ஃப் எடுக்காத காரும் ஓம் விதியும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

ஆனி பிறந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், குற்றாலத்துக்கு வருகிறவர்களுக்கு அது குளியல் காலம். தென்காசி வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கோ அதுதான் அறுவடைக் காலம். ஐந்தருவி, பழைய குற்றாலம், செங்கோட்டை என்று ஓடும் அந்த இரண்டு மூன்று மாதச் சவாரியில்தான் ஓராண்டுக்கான வட்டியும் பள்ளிக் கட்டணமும் அடங்கியிருக்கின்றன. என் தந்தையார் அத்தகைய ஓட்டுநர்களுள் ஒருவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்தப் பெருமையோடு திரிந்துகொண்டிருந்த என்னைச் சென்ற சீசனில் எங்கள் கார் ஒரு தேர்வு வைத்துப் பார்த்தது. நான் தோற்றேன். அதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

விடியற்காலை. ரயிலடிக்குப் போய் ஒரு குடும்பத்தை ஏற்றவேண்டும். அப்பா சாவியைத் திருப்பினார். ‘டக்’கென்று ஓர் ஓசை, பிறகு ஒரு முனகல், அவ்வளவுதான். ‘செல்ஃப் எடுக்கல’ என்பார்கள் நம் ஊரில். (1912-இல் காடிலாக் கார்களில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்மோட்டார் வந்தபிறகுதான், கைப்பிடியைச் சுழற்றி எஞ்சினை எழுப்பும் தொல்லை ஒழியத் தொடங்கியது. அந்தக் கைப்பிடியை நுழைக்க அம்பாசிடர் காரின் முன்புறத்தில் துளை இருந்ததை அப்பா இன்னும் ஏக்கத்தோடு சொல்லுவார்.)

பக்கத்து வீட்டு ஓட்டுநர் தம் காரை ஒட்டி நிறுத்தி, இரண்டு கேபிள்களை மாட்டினார். சிவப்புக் கேபிள் எங்கள் பேட்டரியின் நேர்முனையில்; கறுப்புக் கேபிள், முறைப்படி, எங்கள் எஞ்சினின் இரும்பில். பேட்டரியருகே தீப்பொறி எழுந்தால் அதிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடும் என்பதால் அப்படி ஒரு முறை. மறுநொடியே கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. “பேட்டரி போச்சு அண்ணாச்சி, புதுசு போட்டிருங்க” என்றார் அவர். கடையிலும் அதே தீர்ப்பு. கடன் வாங்கிப் புதுப் பேட்டரி போட்டோம். மறுநாள் விடியலில், புதுப் பேட்டரியோடு, அதே ‘டக்’! அதே முனகல்! அன்றைய சவாரி வேறொருவருக்குப் போயிற்று. நானும் என் தம்பியும் காரைத் தள்ளிக்கொண்டிருந்தோம். ஓம் விதியை ஒப்பிக்கச் சொல்லியிருந்தால் தள்ளிக்கொண்டே ஒப்பித்திருப்பேன்.

பழுதைக் கண்டவர் தென்காசியின் வயது முதிர்ந்த ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர். எட்டாம் வகுப்போடு நின்றவர். பேட்டரியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரே ஒரு கேபிளை எடுத்து, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மறுமுனையை எஞ்சினிலும் கவ்வவிட்டு, “இப்ப அடிங்க” என்றார். கார் கிளம்பிவிட்டது. எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டையை, அதாவது ‘எர்த் ஒயரை’க் காட்டினார். பல சீசன் சாரல் குடித்து, போல்ட்டின் அடியில் துருவும் களிம்புமாய்ப் பூத்துக் கிடந்தது.

நான் விடவில்லை. அவருடைய மீட்டரை வாங்கி, ஒரு முனையைப் பேட்டரியின் எதிர்முனையிலும் மற்றதை எஞ்சினிலும் வைத்துக்கொண்டு, அப்பாவைச் சாவி திருப்பச் சொன்னேன். சுழியமாக இருக்கவேண்டிய இடத்தில் ஏறத்தாழ 3 வோல்ட்! சாவியை விட்டதும் சுழியம். அந்தக் கணத்தில்தான் புத்தகம் எனக்குப் புரிந்தது. செல்ஃப் மோட்டார் ஏறக்குறைய 150 ஆம்பியர் இழுக்கிறது. பாதையில் 0.02 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் அங்கே தொலைந்துபோகும். 12.6 வோல்ட் உள்ள நல்ல பேட்டரி, இவ்வளவு சுமையில் 11.4-க்கு இறங்கினால், மோட்டாருக்குச் சேர்வது 8.4 தான். தொலைந்த மூன்று வோல்ட், 450 வாட் வெப்பமாகி அந்த போல்ட்டைச் சுடவைக்கிறது. அவர் விரல் வைத்தே பழுதைக் கண்டதன் காரணம் இதுதான். மின்னோட்டம் இல்லாதபோது இழப்பும் இல்லை. ஆகவே கார் சும்மா நிற்கையில் எந்த மீட்டரும் எல்லாம் நலம் என்றே பொய்ச்சாட்சி சொல்லும்.

பக்கத்து வீட்டுக்காரர் ஏமாந்ததும் இதனால்தான். அவர் கறுப்புக் கேபிளை எஞ்சினில் மாட்டியபோது, தாம் அறியாமலே பழுதான பட்டையைச் சுற்றிக்கொண்டு வேறு வழி போட்டுவிட்டார். கார் கிளம்பியது உண்மை. அதற்குச் சொன்ன காரணம் பொய். ஒரு சோதனை வெற்றி பெற்றதாலேயே நம் ஊகம் மெய்யாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். மீட்டர் சமனச்சுற்றில் ‘முனைத் திருத்தம்’ கணக்கிடுகிறோமே, அது என்ன? செப்புப் பட்டையும் திருகும் சேருமிடத்துச் சிறுதடைதான். அதைக் குறிப்பேட்டில் எழுதி மதிப்பெண் வாங்குகிற நாம், வீட்டு வாசலில் அதுவே நிற்கும்போது அடையாளம் காணாமல் போவது யார் குற்றம்? ஆய்வகத்தில் நாம் கையாளும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரைத் தாண்டுவது அரிது. ஆகவே 0.02 ஓம் என்றால் ‘ஒன்றுமில்லை’ என்று நம் மனம் பழகிவிட்டது.

‘பட்டம் படிப்பவன் மெக்கானிக் ஆவதற்கா படிக்கிறான்?’ என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அப்பாவே அதைத்தான் கேட்டார். “ஏல, ஒன்னயப் படிக்கப் போட்டதே இந்தக் கிரீஸு கையில படக்கூடாதுன்னுதான்” என்றார். அந்தச் சொல்லின் பின்னால் முப்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது. நான் அதை எள்ளி நகையாட மாட்டேன். ஆயினும், கிரீஸ் படாத கையால் அவர் வாங்கிய கடனை நான் தடுத்திருக்க முடியவில்லையே! எலெக்ட்ரீஷியன் அண்ணாச்சிக்கோ, பழுது எங்கே என்று தெரியும். ஏன் கார் நிற்கையில் மீட்டர் பொய் சொல்கிறது என்று நான் சொன்னபோது, ஒரு பிள்ளையைப்போல் திரும்பத் திரும்பக் கேட்டார். இரண்டு அறிவும் ஐந்து கிலோமீட்டர் வட்டாரத்துக்குள்ளேயே இருந்தும் ஒன்றையொன்று சந்திக்காமல் கிடக்கின்றன.

நம் இயற்பியல் துறை ஆண்டுக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், ஒரு காரை முற்றத்தில் நிறுத்தட்டும். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பிப் பார்ப்போம்: விளக்கு அணையுமளவுக்கு மங்கினால் ஐயம் பேட்டரியின்மேல், பெரிதும் மங்காவிட்டால் பாதையின்மேல் அல்லது மோட்டாரின்மேல். ‘டக்’ ஓசையே இல்லையென்றால் பியூஸ், ரிலே, சாவிச் சுவிட்ச். எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் செல்ஃபை விட்டுவிட்டு எரிபொருளையும் தீப்பொறியையும் தேடவேண்டும். ஒயரைக் கடித்த எலியையும் மறக்கவேண்டாம். குற்றாலத்தில் அந்தப் பழியையும் குரங்கின்மேல் போடுவது வழக்கம்! பிறகு ஒவ்வொரு இணைப்பின் இருபுறமும் மீட்டரை வைத்து, சாவி திருப்பும்போது மட்டும் அளந்து, எங்கே அரை வோல்ட்டுக்குமேல் தொலைகிறது என்று குறிப்பேட்டில் எழுதுவோம். அந்த அண்ணாச்சியை அன்று நம் ஆய்வகத்துக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைப்போம்.

துறைப் பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். காருக்கு எங்கே போவது என்று கேட்டார். அப்பாவிடம் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, “சீசன் முடியட்டும், கொண்டு வாரேன். அந்தப் பழைய எர்த் ஒயரை மட்டும் தூரப் போட்டுராத” என்றார்.