சாப்பாடு எவ்வளவு, தர்மம் எவ்வளவு?

அமெரிக்க வருமான வரித்துறையில் ஒரு நல்ல விதி இருக்கிறது. ஒரு தொண்டு நிறுவனம் நிதி திரட்டுவதற்காக விருந்து வைத்து, டிக்கெட்டை 75 டாலருக்கு மேல் விற்றால், வாங்கியவருக்கு எழுத்துமூலமாகச் சொல்லியாக வேண்டும்: ‘இதில் உங்கள் சாப்பாட்டுக்கு இவ்வளவு, மிச்சம்தான் நன்கொடை.’ அந்த மிச்சத்துக்குத்தான் வரிச்சலுகை. சிக்கனை மென்றுகொண்டே அதையும் தர்மக் கணக்கில் எழுத முடியாது.

இந்தக் கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்கலாம், வாருங்கள். சாப்பாடு போக, தர்மம் போக, உரிமை எவ்வளவு?

விஷயம் இதுதான். குடியேறிகளின் உரிமைக்காகப் பாடுபடும் அமைப்புகள் அமெரிக்காவில் நிறைய. அவற்றில் பல, வருஷத்துக்கு ஒரு முறை பெரிய ஹோட்டலில் ராத்திரி விருந்து வைக்கின்றன. அதற்கு ‘காலா’ என்று பெயர். ரஜினி படம் இல்லை. தாராவி மக்களின் நிலத்துக்காக மல்லுக்கு நின்ற அந்தக் காலா வந்தால், இந்தக் காலாவில் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ‘கறுப்பு உடை ஓ.கே. சார், டிக்கெட் எங்கே?’

மேஜைக்கு மேஜை விலை உண்டு. பிளாட்டினம், தங்கம், வெள்ளி என்று நகைக்கடை மாதிரி தரம் பிரித்திருப்பார்கள். மேடைக்குப் பக்கத்து மேஜை பிளாட்டினத்துக்கு. விழா மலரில் விளம்பரம் உண்டு. கண் கலங்க வைக்கும் ஒரு வீடியோ உண்டு. கலங்கிய ஈரம் காய்வதற்குள், எண் எழுதிய அட்டையைத் தூக்கச் சொல்லி ஏல பாணியில் வசூலும் உண்டு. நடுநாயகமாக விருது: ‘சமூகத்தின் சாம்பியன்’.

சாம்பியன் யார்? இங்கேதான் சூட்சுமம். நிதி திரட்டுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த பால பாடம் ஒன்று உண்டு. பெரிய கம்பெனித் தலைவருக்கு விருது கொடுத்தால், அவருடைய கம்பெனி ஒரு மேஜை வாங்கும். அவருக்குச் சரக்கு விற்கிறவர் ஒரு மேஜை வாங்குவார். அவர் தயவு வேண்டியவர் இன்னொன்று. ஆக, பல நேரம் விருது என்பது பாராட்டு இல்லீங்க, ஒரு வசூல் முறை. கடைசியாக, மனசாட்சிக்காக, ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணையோ விவசாயக் கூலியையோ மேடை ஏற்றுவார்கள். அவருக்கு மூன்று நிமிஷம். கம்பெனித் தலைவருக்குப் பதினைந்து.

அந்தச் சமயத்தில் தட்டு எடுத்துக்கொண்டிருப்பவர் யார்? பெரும்பாலும் அவரும் குடியேறிதான். 2023 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டார ஹோட்டல் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களில் பெரும் பகுதி குடியேறிகள். வேலை பார்க்கிற ஊரில் வீட்டு வாடகை கொடுக்கக்கூட சம்பளம் போதவில்லை என்பதுதான் புகார். குடியேறி உரிமைக்கான விருந்தில் குடியேறியின் சம்பளத்தைப் பற்றி யாரும் பேசாவிட்டால், அது என்ன உரிமை?

‘ஐயா, நீங்கள் சுலபமாகக் கிண்டல் செய்துவிட்டீர்கள். விருந்து இல்லாவிட்டால் பணம் ஏது? பணம் இல்லாவிட்டால் வக்கீல் ஏது?’ என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விருந்தை மட்டும் திட்டினால் அது வெறும் வயிற்றெரிச்சல்.

அமெரிக்காவில் ஒருவன் திருடி மாட்டினால், வசதி இல்லை என்றால் அரசாங்கமே வக்கீல் வைத்துக் கொடுக்கும். 1963-ல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த உரிமை. நாடுகடத்தும் வழக்குக்கு அது பொருந்தாது. அது சிவில் வழக்காம். வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் அரசுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். எதிர்த்தரப்பில் அரசு வக்கீல் மட்டும் தவறாமல் நிற்பார்.

விளைவு? 2007 முதல் 2012 வரை நடந்த 12 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஆய்வு சொல்கிறது: வக்கீல் கிடைத்தவர்கள் 37 சதவீதம். தடுப்புக் காவலில் இருந்தவர்களை மட்டும் எடுத்தால் 14 சதவீதம்.

குழந்தைகளுக்கும் இதே கதிதான். மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகளுக்கே குடியேற்றச் சட்டத்தைக் கற்றுக் கொடுத்துவிடலாம், தானே அப்படிக் கற்றுக் கொடுத்திருப்பதாக ஒரு குடியேற்ற நீதிபதி சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொன்னது 2016-ல் வெளியே வந்து சந்தி சிரித்தது. நம்ம வீட்டில் அந்த வயசுக் குழந்தைக்குச் செருப்பை இடம் வலம் மாற்றாமல் போடச் சொல்லிப் பாருங்கள்.

இது யாரோ மெக்ஸிகோக்காரர் பிரச்னை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2017-ல் மெக்ஸிகோ எல்லையைத் தாண்டி, 25 கெஜ தூரத்திலேயே பிடிபட்டவர் ஓர் இலங்கைத் தமிழர். ஊருக்குத் திரும்பினால் உயிருக்கு ஆபத்து என்றார். அதிகாரி நம்பவில்லை. ‘அந்த முடிவை ஒரு நீதிமன்றம் மறுபடி பார்க்கட்டும்’ என்ற அவருடைய கோரிக்கை உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்று தோற்றார். அவருக்காக அங்கே வாதாடியது ஏ.சி.எல்.யூ. என்ற சிவில் உரிமை அமைப்பு. நன்கொடையில் நடக்கும் அமைப்பு. யாரோ கொடுத்த காசில்தான் ஒரு தமிழரின் வழக்கு அவ்வளவு தூரம் போனது. அதனால் பணமே வேண்டாம் என்று சொல்ல நான் தயாராக இல்லை.

ஆனால், யார் பணம்? எந்தப் பணம்?

டெக்ஸாஸில் ‘ரைசெஸ்’ என்று ஒரு சட்ட உதவி அமைப்பு. ஸ்பானிஷில் ‘வேர்கள்’ என்று அர்த்தம். 2018-ல் எல்லையில் பெற்றோரிடமிருந்து குழந்தைகளைப் பிரித்த கொடுமை நடந்தபோது, சேல்ஸ்ஃபோர்ஸ் என்ற பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி இந்த அமைப்புக்கு இரண்டரை லட்சம் டாலர் கொடுக்க முன்வந்தது. அதே கம்பெனி எல்லைக் காவல் துறைக்கும் சாஃப்ட்வேர் விற்றுக்கொண்டிருந்தது. ‘அந்த ஒப்பந்தத்தை விடுங்கள், அப்புறம் வாங்கிக்கொள்கிறோம்’ என்றது ரைசெஸ். கம்பெனி விடவில்லை. ரைசெஸ் வாங்கவில்லை.

அதே வருஷம் அதே அமைப்புக்கு ஃபேஸ்புக்கில் சாதாரண மக்கள் கொடுத்தது இரண்டு கோடி டாலருக்கும் மேல். ஆரம்பித்தவர்கள் கேட்டது வெறும் 1,500 டாலர். மேஜை இல்லை, தங்கம் வெள்ளி இல்லை, விருதும் இல்லை.

இன்னொன்று. 2019 ஜூனில் பாஸ்டனில் வேஃபேர் என்ற ஆன்லைன் ஃபர்னிச்சர் கம்பெனியின் ஊழியர்கள் வேலையைப் போட்டுவிட்டு வெளியே வந்தார்கள். டெக்ஸாஸில் குடியேறிக் குழந்தைகளை அடைத்து வைக்கும் முகாமுக்கு அவர்கள் கம்பெனி சுமார் இரண்டு லட்சம் டாலருக்குக் கட்டில் விற்றது. ‘விற்காதே, வந்த லாபத்தை ரைசெஸுக்குக் கொடு’ என்றார்கள். கம்பெனி என்ன செய்தது? செஞ்சிலுவைச் சங்கத்துக்கு ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. வியாபாரத்தை விடவில்லை. ஆட்டைக் கடித்துவிட்டுக் கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுப்பது மாதிரிதான் இது.

இப்போது சொல்லுங்கள். சாம்பியன் விருதை யாருக்குக் கொடுப்பீர்கள்? காசோலை கொடுத்தவருக்கா, வேலை போனாலும் பரவாயில்லை என்று வாசலுக்கு வந்தவருக்கா?

சரி, நிரந்தர வழி என்ன? 2013-ல் நியூயார்க் நகர சபை ஐந்து லட்சம் டாலர் ஒதுக்கி, தடுப்புக் காவலில் இருக்கும் ஏழைக் குடியேறிகளுக்குப் பொதுச் செலவில் வக்கீல் தரும் திட்டத்தைத் தொடங்கியது. நாட்டிலேயே அதுதான் முதல். வக்கீல் இல்லாதபோது நூற்றில் நான்கு பேர் ஜெயித்த நீதிமன்றத்தில், வக்கீலோடு நாற்பத்தெட்டு பேர் ஜெயிப்பார்கள் என்று 2017-ல் வேரா நிறுவனம் மதிப்பிட்டது. நாலுக்கும் நாற்பத்தெட்டுக்கும் நடுவில் உள்ள அந்த நாற்பத்து நான்கு பேரும் வக்கீல் இல்லாத ஒரே குற்றத்துக்காக நாடுகடத்தப்பட்டிருப்பார்கள்.

‘அரசாங்கப் பணம் மட்டும் நிலையா?’ என்பீர்கள். இல்லைதான். 2025 மார்ச்சில், தனியாக வந்த சுமார் 26,000 குழந்தைகளுக்கு வக்கீல் செலவு கொடுத்துவந்த ஒப்பந்தத்தை அமெரிக்க அரசு வெட்டிவிட்டது. ஆனால் வெட்டியதும் என்ன நடந்தது? அமைப்புகள் கோர்ட்டுக்குப் போயின. ஏப்ரலில் நிதியைத் திரும்பக் கொடு என்று நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. சட்டத்தில் பிடி இருந்தது, கேட்க முடிந்தது. அடுத்த வருஷம் பிளாட்டினம் மேஜைக்காரர் ‘இந்தத் தடவை அரசியல் சரியில்லை, நாங்கள் வரவில்லை’ என்று சொன்னால் எந்தக் கோர்ட்டுக்குப் போவீர்கள்? தர்மத்துக்கும் உரிமைக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

இதை அமெரிக்காவில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அனுப்புங்கள். ‘நாங்கள் சட்டப்படி வந்தவர்கள், அவர்கள் வேறு’ என்று அங்கே நம்மவர்கள் பலர் இன்னமும் பேசுகிறார்கள். 2025 பிப்ரவரியில் 104 இந்தியர்கள் கையில் விலங்கு, காலில் சங்கிலியோடு ராணுவ விமானத்தில் அமிர்தசரஸில் வந்து இறங்கினார்கள். ‘அது அவங்க பிரச்னை’ என்றவர்கள் உண்டு. அதே வருஷம் செப்டம்பரில் புதிய எச்-1பி விசாவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. கதவைச் சாத்துகிறவன் யார் விரல் நசுங்குகிறது என்று பார்ப்பதில்லை.

எனவே, அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் பிள்ளைக்கோ காலா அழைப்பிதழ் வந்தால், போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தாராளமாகப் போகட்டும். மூன்று கேள்வி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். முதல் மேஜையை வாங்கியவர் யாருக்கு என்ன விற்கிறார்? தட்டு எடுப்பவருக்கு என்ன சம்பளம்? இங்கே திரட்டும் பணத்தில், அரசாங்கமே வக்கீல் கொடுக்க வேண்டும் என்ற சட்டத்துக்காகப் போராட எவ்வளவு?

சாப்பாட்டுக்கு எவ்வளவு என்பதை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு விதி இருக்கிறது. மற்றதை நாம்தான் வாய் திறந்து கேட்க வேண்டும்.