ஒளியைப் பரிசோதிக்கும் மாணவன்

ஒளிப்படக் கலை பயிலும் மாணவனுக்கு விலையுயர்ந்த கமராவை வாங்கிக் கொடுப்பதிலும், தட்டுத்தடுமாறிக் கற்பதற்கான வாய்ப்பைக் கொடுப்பதே மேலானது என்பது எமது துணிபு.

இக்காலத்துக் கைத்தொலைபேசி ஒளியின் அளவைத் தானே தீர்மானித்து, படத்தைத் திருத்தியும் தருகின்றது. அதனால் படங்கள் பெருகின. ஒளியை அறிந்தோர் பெருகிலர். கமராவின் துவாரத்தை எஃப் 8 இலிருந்து எஃப் 5.6 இற்கு விரித்தால் ஒளி இருமடங்காகும். திறப்பு நேரத்தை 1/60 செக்கனிலிருந்து 1/125 ஆகக் குறைத்தால் அது மீண்டும் ஏறக்குறையப் பாதியாகும். இவ்விரண்டையும் மாற்றி மாற்றிப் படமெடுத்தவனே, பின்புலம் மங்குவதும் ஓடும் நீர் நின்றாற்போல் தோன்றுவதும் எதனால் என்பதை உணர்வான்.

இலங்கையரான லயனல் வென்ட் (1900-1944) சட்டமும் பியானோவும் பயின்றவர். ஆயினும், ஓரளவு உருத்துலக்கிய படத்தின்மீது மீண்டும் ஒளியைப் பாய்ச்சுதல் முதலிய முறைகளை இருட்டறையில் ஆராய்ந்து, உலகம் மதிக்கும் படங்களை ஆக்கினார். முதல் முயற்சியிலேயே வாய்க்கும் வித்தையன்று அது.

இருட்டறை வீண்செலவு என்பாரும் உளர். தகரப் பேணியில் ஊசித்துளையிட்டு, உள்ளே ஒளியுணர் தாளை ஒட்டினால் அதுவே கமராவாகும். இருண்ட அறையொன்று, சிவப்பு விளக்கு, சில தட்டங்கள், உருத்துலக்கும் திரவங்கள் ஆகியனவே மேலும் வேண்டுவன.

பரிசு பெறும் படத்தை மட்டும் பாராட்டும் வழக்கத்தை விடுத்து, மாணவனின் பரிசோதனைக் குறிப்பேட்டுக்கும் புள்ளி வழங்குதல் வேண்டும். பழைய மாணவராகிய நாம் கல்லூரிக்கு அளிக்கும் நிதியில் ஒரு சிறு பங்கு இதற்கும் செல்வதாக.