என்ன வேலை செய்கிறாய்?



பொழுது விடியுமுன் பெரட்டுக்கு நின்று, உளியும் வாளியுமாக நிரைக்குள் நுழைகிறவர்கள் நாம். குளிர்ந்த நேரத்தில்தான் மரம் நன்றாகப் பால் விடும் என்பதால், கொசுவும் பனியும் ஈரத்தரையும் நம் பங்காக அமைந்துவிட்டன. வெட்டு சற்று ஆழமாய்ப் போய்விட்டால் பட்டை புண்ணாகிவிட்டது என்று நம்மைக் கண்டிக்கிறார்கள். புண்பட்ட மரத்திற்குக் கணக்கில் இடமுண்டு. புண்பட்ட மனிதனுக்கோ செக்ரோலில் “லீவு” என்ற ஒரே சொல்தான். அவனுக்கு நோய் ஏன் வந்தது, எந்த வேலையால் வந்தது என்று யாரும் எழுதுவதில்லை.

ரமாஸினி என்னும் இத்தாலிய வைத்தியர் 1700ஆம் ஆண்டில் தொழிலாளரின் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டிய பழைய கேள்விகளோடு இன்னொன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்றார் அவர். “நீ என்ன வேலை செய்கிறாய்?” என்பதே அந்தக் கேள்வி. முந்நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. நம் தோட்டங்களில் அக்கேள்வி இன்றும் ஒழுங்காகக் கேட்கப்படுகிறதா?

நெகிரி செம்பிலானின் மலைச்சரிவுகளில் ரப்பர் நட்ட காலத்தை நினைத்துப் பாருங்கள். அன்று மலேரியா நம் மூத்தோரைக் கூட்டம் கூட்டமாய் வாரிக்கொண்டு போயிற்று. ஊரின் நீர் ஒத்துக்கொள்ளவில்லை, உடம்பில் வலுவில்லை என்றெல்லாம் காரணம் கூறினார்கள். உண்மை வேறு. 1901 முதல் கிள்ளானில் பணியாற்றிய டாக்டர் மால்கம் வாட்சனும் அவரைப் போன்றோரும் ஆராய்ந்து கண்டது இதுதான்: மலைப்பாங்கான நிலத்தில் காட்டை அழித்தால் நிழலில் கிடந்த ஓடைகளின்மேல் வெயில் படுகிறது. வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் மலேரியாவைப் பரப்பும் ஒருவகைக் கொசு பெருகுகிறது. ஆக, தோட்டத்தைத் திறந்த வேலையே அந்தக் காய்ச்சலையும் திறந்துவிட்டது! ஓடைநீரைப் பூமிக்கடியில் குழாய் வழியே ஓடவிட்டும் எண்ணெய் தெளித்தும் கொசுவை அடக்கிய இடங்களில் சாவு குறைந்தது. கூலியின் உடம்பு மாறவில்லை. ஓடை மாறியது, காய்ச்சல் தணிந்தது.

கொக்கிப்புழுவின் கதையும் இத்தகையதே. மலம் கலந்த ஈரமண்ணில் அதன் குஞ்சுகள் காத்திருக்கும். வெறுங்காலோடு மிதிப்பவனின் தோலைத் துளைத்துக் குடலை அடைந்து இரத்தத்தை உறிஞ்சும். இரத்தம் குறைந்தவன் சோர்ந்து உட்கார்ந்தான். அவனைச் சோம்பேறி என்றார்கள். லயத்திற்குச் சரியான கக்கூசு கட்டித் தராதவர்களே தொழிலாளியின் அசுத்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். 1915இல் ராக்பெல்லர் அறநிறுவனம் டாக்டர் டார்லிங் தலைமையில் ஒரு குழுவை மலாயாவுக்கு அனுப்பி இந்நோயை ஆராயச் செய்தது. நோயைத் தடுக்கும் வழியில் இரகசியம் ஏதுமில்லை: கக்கூசும் காலுக்குச் செருப்பும்தான்.

இவையெல்லாம் பழங்கதை என்று யாரேனும் கூறலாம். நம் மாநிலத்திலேயே, நம் கண்முன்னேயே நடந்ததைச் சொல்கிறேன். 1998 செப்டம்பரில் ஈப்போ பக்கத்தில் ஒரு மூளைக்காய்ச்சல் தோன்றியது. பிறகு அது சிரம்பானை அடுத்த சிக்காமாட்டுக்கும், போர்ட்டிக்சன் மாவட்டத்தின் சுங்கை நிப்பா, புக்கிட் பெலாண்டோக் பகுதிக்கும் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முதலில் எண்ணினார்கள். புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் சாவு நிற்கவில்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைத் தாக்கும். இதில் விழுந்தவர்களோ வேலை செய்யும் வயதினர், அதிலும் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்கள். தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயில் விழுந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் புதியதொரு கிருமியைக் கண்டறிந்தார். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. நாட்டில் 265 பேரைத் தாக்கி 105 பேரின் உயிரைக் குடித்த பிறகே அந்நோய் ஓய்ந்தது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. விழுந்தவர்கள் யார், அவர்கள் செய்த வேலை என்ன என்பதிலேயே உண்மையின் நுனி இருந்தது. அந்த ஒரு கேள்வியின் விலை எவ்வளவு என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இனி, களைக்கொல்லி மருந்துக்கு வருவோம். முன்னாளில் சோடியம் ஆர்சனைட் என்னும் பாஷாணத்தைத் தெளித்தார்கள். 1960களில் பாரகுவாட் வந்தது. அது வாய்வழி உள்ளே போனால் சிறுநீரகமும் நுரையீரலும் கெடும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. தெளிப்பவருக்குத் தோல் வெந்துபோகும், நகம் கழன்று விழும், மூக்கில் இரத்தம் வடியும். இந்த மருந்தை முதுகில் சுமந்தவர்களில் மிகப் பலர் நம் தாய்மாரும் சகோதரிகளும் ஆவர். அவர்களுடைய துன்பத்தை 2002இல் தெனகானித்தா அமைப்பு ஆய்வாக வெளியிட்டது. அதே ஆண்டில் பாரகுவாட்டைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக அரசாங்கம் அறிவித்தது. ஆனால் 2006இல் அத்தடை தளர்த்தப்பட்டது. 2020 ஜனவரி முதல் தேதியில்தான் அது முற்றிலும் தடை செய்யப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள்! இடையில் தெளித்தவர்களின் நகமும் நுரையீரலும் எந்தக் கணக்கில் எழுதப்பட்டன?

நிர்வாகத்தினர் ஒரு பதிலைக் கையில் வைத்திருக்கிறார்கள். “கையுறை கொடுத்தோம், முகமூடி கொடுத்தோம், அவர்களே போட்டுக்கொள்வதில்லை.” இதில் ஓரளவு உண்மையுண்டு என்பதை ஒப்புக்கொள்வோம். ஆனால் நண்பகல் வெயிலில் ரப்பர் உறையும் முகமூடியுமாக மூச்சுத் திணறிக்கொண்டு, நாளின் கணக்கையும் குறைவின்றி முடி என்றால் எவரால் இயலும்? பாதுகாப்பு வேண்டுமானால் தெளிக்கும் நேரத்தைக் காலைக்கு மாற்றட்டும், கணக்கைக் குறைக்கட்டும், கை கழுவ நீரும் சவர்க்காரமும் அங்கேயே வைக்கட்டும். இவையின்றி முகமூடியை மட்டும் கொடுப்பது, பசித்தவனுக்குச் சோறில்லாமல் இலையை மட்டும் போடுவதற்குச் சமம்.

இன்று நம் மாநிலத்தில் பால்மரம் குறைந்து செம்பனை மிகுந்துவிட்டது. லயங்களில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் குடியிருக்கிறார்கள். மரமும் ஆளும் மாறினாலும் நோய்கள் நம்மை விட்டுப் போகவில்லை. எலியின் மூத்திரம் கலந்த ஈரமண்ணால் வரும் காய்ச்சல் இருக்கிறது. உயரப்பட்டை வெட்டுகிறவனுக்குக் கழுத்தும் தோளும் போகின்றன. தாழ்ந்த பட்டைக்குக் குனிகிறவனுக்கு இடுப்பு போகிறது. பால் ஸ்டோரில் பார்மிக் அமிலம் கையைச் சுடுகிறது. அம்மோனியா கண்ணை எரிக்கிறது. ஆஸ்பத்திரியிலோ இவை வெறும் காய்ச்சல், இடுப்புவலி, கண்ணெரிச்சல் என்றே எழுதப்படுகின்றன.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் தொழில்நோய்களும் அவற்றுக்குக் காரணமான வேலைகளும் எழுதப்பட்டுள்ளன. 2019 முதல் அயல்நாட்டுத் தொழிலாளரும் வேலைவிபத்து, தொழில்நோய்க் காப்பில் சேர்க்கப்பட்டுள்ளனர். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 32ஆம் பிரிவு, தொழில்நோயை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கும் பொறுப்பை முதலாளிமீதும் வைத்தியர்மீதும் சுமத்துகிறது. 2024 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாகக் கருதும்போது, முதலாளி அதனை நீக்காவிட்டால், அவ்விடத்தை விட்டு விலகும் உரிமையைத் தொழிலாளிக்குத் தருகிறது. ஆனால் நோய்க்கும் வேலைக்கும் உள்ள தொடர்பு காகிதத்தில் இல்லாவிட்டால், சட்டம் என்ன செய்யும்? எழுதாத கடனை எந்தக் கோர்ட்டில் கேட்பது?

ஆகவே நாம் செய்ய வேண்டியவை சில. டாக்டரைப் பார்க்கும்போது, அவர் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நாமே சொல்வோம்: “நான் பால் வெட்டுகிறேன், இந்த வாரம் மருந்து அடித்தேன், மருந்தின் பெயர் இது.” அதை எழுதச் சொல்லி, சீட்டின் நகலைப் பத்திரப்படுத்துவோம். ஒருநாள் சம்பளம் போய்விடுமே என்று நோயை மறைக்கும் வழக்கத்தை விடுவோம். மறைத்த நோய் நம்மோடு நில்லாது. நாளை அதே நிரைக்கு வருகிறவனையும் பிடிக்கும்.

கிராணிமார்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பேனா உங்கள் கையில் இருக்கிறது. “லீவு” என்று எழுதும் இடத்தில் என்ன நோய், என்ன வேலை என்று இரண்டு சொற்கள் கூடுதலாக எழுதுங்கள். ஒரே வேலை செய்த நால்வர் ஒரே மாதத்தில் ஒரே நோயில் படுத்தால் அது விதியன்று, வேலையின் விளைவு என்பதை முதலில் காணக்கூடியவர்கள் நீங்களே. கிளைச் செயலவைகளும் இதற்கென ஒரு நோட்டு வைத்து, லயத்தில் வாழும் எந்த நாட்டுத் தோழனையும் விடாமல் எழுதி வரட்டும்.

நம் மூத்தோரைக் கொன்ற காய்ச்சலுக்கு நம் மூத்தோரையே பழி கூறினார்கள். அந்தக் கணக்கு பொய்க்கணக்கு. இனி வரும் கணக்கையாவது உண்மையாக எழுதுவோம்.