நம் கையே நமக்குதவி: எஞ்சினைத் தாங்கும் றபர்



எங்களிற் சிலரது வீடுகளில் 'அவர்' ஓடிய கார் ஒன்று நிற்கிறது. விற்க மனம் வராமல் அதை ஓட்டப் பழகி, பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிச் சீவிப்பவர்களும் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான். எனது கார் மொறிஸ் மைனர். இங்கிலாந்தில் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட வகை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயிலும் ஓடிய கார்கள் இவை.

ஒருமுறை கார் நிற்கும்போது குலுங்கியது. கியர் போட்டதும் 'டொக்' என்று சத்தம். எஞ்சினைக் கழற்ற வேண்டும் என்று ஒரு கராஜில் சொன்னார்கள். காப்பை அடகு வைக்கப் புறப்பட்டேன். பக்கத்து வீட்டு ஐயா மறித்து, "பிள்ளை, முதலில் மவுண்டிங்கைப் பார்" என்றார்.

மவுண்டிங் என்பது இரண்டு இரும்புத் தகட்டுக்கு நடுவே ஒட்டிய றபர். எஞ்சினின் பாரத்தைத் தாங்கி, அதிர்வு உடலுக்கு வராமல் தடுக்கும். மைனரில் எஞ்சினின் முன்புறம் இரு பக்கமும் ஒவ்வொன்று இருக்கும். கியர்பொக்ஸின் கீழும் உண்டு. முன்னாலுள்ளதை மாற்றும் முறை இதுதான்:

1. காரைச் சமதரையில் விட்டு, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். எஞ்சின் ஆறட்டும். பற்றரியின் எர்த் வயரைக் கழற்றுங்கள்.

2. ஒயில் சம்பின் கீழே தடித்த பலகை வைத்து, அதன்கீழ் ஜக்கை வையுங்கள். பலகை இல்லாவிட்டால் சம்ப் நெளியும். எஞ்சினின் பாரத்தை ஜக் தாங்குமளவுக்கு மெதுவாக உயர்த்துங்கள். அப்போது றபர் தகட்டை விட்டுப் பிரிந்தால் அது பழுதுதான். பிரியாமலும் வெடிக்காமலும் இருந்தால் மாற்றாதீர்கள். குலுக்கத்துக்கு பிளக், காபரேற்றர் போன்ற வேறு காரணம் தேடுங்கள்.

3. ஒரு பக்கத்து நட்டுகளை மட்டும் கழற்றுங்கள். இறுகியிருந்தால் ஒயில் விட்டுக் காத்திருங்கள். பழையதை எடுக்கத் தேவையான அளவே எஞ்சினை உயர்த்துங்கள். விசிறி ரேடியேற்றரில் முட்டுகிறதா, குழாய்கள் இழுபடுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

4. புதியதை வைத்து எல்லா போல்ற்றுகளையும் கையால் பூட்டுங்கள். எஞ்சினை இறக்கி, பாரம் இருந்த பிறகே ஸ்பானரால் இறுக்குங்கள். பிறகு மற்றப் பக்கம்.

5. பற்றரி வயரைப் பூட்டி எஞ்சினை இயக்கிப் பாருங்கள். சில நாள் ஓடியபின் நட்டுகளை மீண்டும் ஒருமுறை சோதியுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். ஜக்கை மட்டும் நம்பி எந்த வாகனத்தின் கீழும் போகாதீர்கள். சீமெந்துக் கல்லை முட்டுக் கொடுக்காதீர்கள். அது திடீரென உடையும். எஞ்சின் தூக்கியிருக்கும்போது இடுக்கில் விரலை விடாதீர்கள்.

றபரைக் கெடுப்பது பெரும்பாலும் வழியும் ஒயில்தான். அதை நிறுத்தாவிட்டால் புதியதும் விரைவில் கெடும்.

எனக்கு ஒரு பகல் முழுதும் பிடித்தது. ஐயா கதிரையில் இருந்து சொல்ல, மகன் ரோச் பிடிக்க, நான் பூட்டினேன். அடுத்த நாள் காலை பிள்ளைகள் ஏறியபோது கார் குலுங்கவில்லை. காப்பு இன்னும் கையில்தான் இருக்கிறது.