சந்நியாசி வளர்த்த பூனையும் என் பிரேக்கும்

போன மாதம் ஒரு சாயங்காலம், மேற்கு மாம்பலத்தில் ஒரு பையனைக் கிட்டத்தட்ட இடித்துவிட்டேன்.

'கிட்டத்தட்ட' என்று இன்று சுலபமாக எழுதிவிட்டேன். அன்றைக்கு அரை மணி நேரம் கை நடுங்கியது. சந்திலிருந்து சைக்கிளில் சட்டென்று வந்தான் சார். பிரேக் மேல் ஏறி நின்றேன். அப்பா 1998-ல் வாங்கிய மாருதி 800, கொஞ்சம் யோசித்தது. புது மாப்பிள்ளை மாதிரி இடது பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அப்புறம், சைக்கிளுக்கு ஒரு முழம் முன்னால், போனால் போகிறதென்று நின்றது.

பையன் திரும்பிப் பார்த்து, "அங்கிள், பிரேக் புடிக்கலையா?" என்றான்.

அங்கிள்! அந்த வருத்தம் தனி.

பாங்க்கில் வேலை பார்க்கும் நண்பனிடம் புலம்பினேன். "மச்சி, புதுப்பேட்டை போ. பெரிய வண்டியோட டிஸ்க்கும் காலிப்பரும் செட்டா எடு. மாட்டு. தொட்டா நிக்கும்!" என்றான். நம் ஊரில் டாக்டருக்குப் படிக்காதவர்கள் எல்லோரும் மருந்து சொல்வார்கள். கார் வைத்திருக்காதவர்கள் எல்லோரும் பிரேக் சொல்வார்கள்.

ஒரு செட்டை விலை பேசிவிட்டு, நேரே எங்கள் மெக்கானிக் பாயிடம் போனேன். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகக் கேட்டார். "தம்பி, உன் வண்டி ரிம் எத்தினி இஞ்ச்?"

"12."

"பெரிய டிஸ்க்கு போட்டா அது ரிம்முல இடிக்கும். 13 இஞ்ச் ரிம் வேணும். ரிம் மாத்தினா டயர் மாத்தணும். டயர் சைஸ் மாறினா ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். அப்புறம் காலிப்பர். அதுல பிஸ்டன் பெருசு. அதைத் தள்ள ஆயில் அதிகமா வேணும். உன் பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்ளோ தராது. பெடலு தரைக்குப் போவும். சரி, மாஸ்டர் சிலிண்டரையும் பெருசா போடுவோம்னு வையி... பெடலு கல்லாயிடும். மிதிச்சா முட்டி போவும். அதுக்கு பூஸ்டர் வேணும்..."

எனக்குச் சந்நியாசி கதை ஞாபகம் வந்தது. கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்தார். பூனைக்குப் பாலுக்காக மாடு. மாட்டைப் பார்த்துக்கொள்ளக் கடைசியில் கல்யாணம்! நான் ஒரு டிஸ்க் கேட்டதற்கு, பாய் என்னைக் கல்யாண மண்டபம் வரை கூட்டிப்போய்விட்டார்.

"இத்தினியும் செஞ்சாலும் நிறுத்துறது பிரேக் இல்ல தம்பி, டயரு. பிரேக் சக்கரத்தைத்தான் நிறுத்தும். வண்டியை நிறுத்துறது ரோட்டைப் புடிச்சிருக்கிற ரப்பர். முன்னாடி மட்டும் பலமா புடிச்சு சக்கரம் லாக் ஆச்சுன்னா, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராத்தான் போவும். பின்னாடி மொதல்ல லாக் ஆச்சு... தட்டாமாலை சுத்தும்."

"அப்போ என்னதான் பண்றது பாய்?"

"மொதல்ல இருக்குறதைப் பார்ப்போம்."

நாலு சக்கரத்தையும் கழற்றினார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. முன்பக்கம் வலது காலிப்பர் துருவில் இறுகி, பாதி வேலைதான் செய்துகொண்டிருந்தது. வண்டி இடது பக்கம் இழுத்த ரகசியம் அதுதான். பின்னால் ஒரு வீல் சிலிண்டர் கசிந்து, பிரேக் ஷூ ஆயிலில் குளித்திருந்தது. பேட் தேய்ந்து அப்பளமாக இருந்தது. பிரேக் ஆயிலோ மூன்றாம் நாள் ரசம் மாதிரி கறுப்பு.

"ஆயில் கடைசியா எப்போ மாத்தின?"

"மாத்தணுமா?"

பாய் பதில் சொல்லவில்லை. டீயைக் குடித்தார்.

நான் பி.காம். தேய்மானம் என்றால் பாலன்ஸ் ஷீட்டில் ஒரு வரி என்று படித்தவன். காலடியில் அது இருபது வருஷத்துக்கு மேல் நடந்திருக்கிறது. நான் எழுதி வைக்கவேயில்லை.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சார். டாட் 3 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்தக் கணக்கு 140-க்கு இறங்கிவிடுகிறது. ஏற்காடு இறங்கும்போது பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால் சூட்டில் ஆயில் கொதித்து ஆவியாகும். ஆவியை அமுக்கினால் அமுங்கும், பிரேக் பிடிக்காது. அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

இன்னொரு கணக்கு. 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் போகிறது. பையனைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போகும் அந்த ஒரு வினாடியில் எந்த டிஸ்க்கும் உதவாது. வேகம் இரண்டு மடங்கானால், பிரேக் பிடித்த பிறகு ஓடும் தூரம் நாலு மடங்கு. ஆகவே விலை குறைந்த 'அப்கிரேட்' மெதுவாகப் போவதுதான்.

சட்டமும் இருக்கிறது. தயாரித்த கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. பூஸ்டர் இல்லாமல் வந்த 800-க்கு, பூஸ்டரோடு வந்த 800-ன் பூஸ்டரையும் மாஸ்டர் சிலிண்டரையும் ஜோடியாக மாட்டுவது பாய் ஒப்புக்கொள்ளும் ஒரே மாற்றல். அதற்கும் ஆர்.டி.ஓ., இன்ஷூரன்ஸ் இரண்டு இடத்திலும் கேட்டுவிட்டு வரச் சொன்னார். விபத்துக்கு அப்புறம் கேட்டால் பதில் வேறு மாதிரி இருக்கும்.

நான் பூனை வளர்க்கவில்லை. புது பேட், ஷூ, வீல் சிலிண்டர், காலிப்பருக்கு ரப்பர் கிட், ரப்பர் ஹோஸ், புது ஆயில். பாய் பையன் பெடலை மிதிக்க மிதிக்க, பாய் ஒவ்வொரு சக்கரமாக ஏர் எடுத்தார். டயரும் வயசானதென்று நாலையும் மாற்றினேன். மொத்தச் செலவு, நண்பன் சொன்ன திட்டத்தில் பாதிகூட இல்லை.

நேற்று அதே சந்து. அதே சைக்கிள். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து மிதித்தேன். வண்டி முகம் திருப்பாமல், நேராக, பத்தடி தள்ளி நின்றது.

பையன் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டான். அங்கிள் என்று கூப்பிடவில்லை. அதுவே எனக்குப் போதும்.