சுற்றி நிற்பவர்கள்



பள்ளிகள் திறந்து சில வாரங்கள் ஆனால் போதும். புது நோட்டின் மணம் அடங்கி, வகுப்பில் யாருக்கு என்ன பட்டப்பெயர் என்பதும் முடிவாகிவிடும். குண்டு, கருவாயன், சோடாபுட்டி. 'நாங்களும் இதையெல்லாம் தாண்டி வந்தவங்கதானே' என்று சிரித்துவிடுகிறோம். அது தாண்டியவர்களின் பேச்சு. தாண்ட முடியாமல் படிப்பை விட்டவர்கள் அதைச் சொல்ல வருவதில்லை.

விளையாட்டுக் கிண்டல் எங்கே முடிகிறது, கொடுமை எங்கே தொடங்குகிறது? நார்வேயின் பெர்கன் நகரில் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்த உளவியலாளர் டான் ஓல்வியஸ் சொன்ன அடையாளம் எளிது: வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க வலுவில்லாதவரிடம் செய்வது. கடைசி அடையாளம்தான் முக்கியம் என்பேன். 'நீயும் திருப்பிக் கொடுடா' என்ற அப்பாக்களின் யோசனை பலிக்காததும் அதனால்தான். திருப்பிக் கொடுக்க முடிந்திருந்தால் அவன் வீட்டில் வந்து அழுதிருக்க மாட்டான்.

என் கண்ணோ சுற்றி நிற்கும் கூட்டத்தின் மேல். கனடாவின் டொராண்டோவில் பள்ளி மைதானங்களில் நடப்பதை ஆய்வாளர்கள் வீடியோ எடுத்துப் பார்த்தார்கள். முடிவுகள் 2001-ல் வெளியாயின. பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது சம்பவங்களில் மற்ற பிள்ளைகள் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் குறுக்கிட்டதோ ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் யாராவது குறுக்கிட்டபோது, பாதிக்கும் மேற்பட்ட தடவை 10 விநாடிக்குள் எல்லாம் அடங்கிவிட்டது. பத்தே விநாடி! காலை பிரேயரில் அதைவிட அதிக நேரம் அசையாமல் நிற்கிற பிள்ளைகள்தான் இவர்கள்.

இப்படிக் குறுக்கிட வீரம் வேண்டியதில்லை. அடிப்பவனை மறிக்கச் சொல்லாதீர்கள், அது ஆபத்து. 'டேய், சார் உன்னைக் கூப்பிடுறார், வா' என்று சிக்கியவனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனால் போதும். (பொய்தான். எந்த சாரும் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.) அந்தத் துணிச்சலும் வராத பிள்ளை சிரிக்காமல் இருக்கலாம், மதியம் அவன் பக்கத்தில் போய் டிபன் பாக்ஸைத் திறக்கலாம். பின்லாந்துப் பள்ளிகளின் 'கீவா' திட்டம் இப்படி வேடிக்கை பார்ப்பவர்களைப் பழக்குவதைத்தான் பெரிதாக நம்புகிறது.

கொடுமைக்கு ஆளான பிள்ளை வாய்திறந்த பிறகு பெரியவர்கள் நடந்துகொள்ளும் விதம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், சாதியின் பெயரால் தொல்லை கொடுத்த சக மாணவர்களைப் பற்றிப் பள்ளியில் சொன்ன பட்டியலின மாணவன், வீடு புகுந்து வெட்டப்பட்டான். தடுக்கப் போன தங்கைக்கும் வெட்டு. அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கைக்கயிறுகளுக்குத் தடை உட்படப் பல பரிந்துரைகளை 2024 ஜூனில் அரசிடம் அளித்தது. கயிற்றை அவிழ்க்கலாம், அவிழ்க்கவும் வேண்டும். ஆனால் 'டீச்சர்கிட்ட சொல்லு' என்பதோடு முடிந்துவிடும் நம் அறிவுரையில், சொன்னவனுக்கு அன்று மாலை என்ன பாதுகாப்பு என்ற கேள்வியே இல்லை.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். புகார் வந்ததும் இருவரையும் வகுப்பின் நடுவே நிறுத்தி, 'கை குலுக்கிட்டுப் போங்க' என்று சமாதானம் செய்யாதீர்கள். சொன்னது யார் என்று ஊருக்கே அறிவித்ததாகிவிடும். தனித்தனியே விசாரியுங்கள். அடித்தவனின் வீட்டிலும் பேசுங்கள். அவன் அங்கே என்ன பார்த்து வளர்கிறான் என்பதும் தெரியவரும்.

பெற்றோர் முதலில் கேட்பது 'நீ என்ன செஞ்சே?' என்றுதான். அதை மட்டும் விழுங்கிவிட்டு, முழுவதும் கேளுங்கள். எந்தத் தேதி, எந்த இடம், பக்கத்தில் யார் என்று குறித்து வைத்துக்கொண்டு பள்ளிக்குப் போங்கள், எழுத்தில் கொடுங்கள். பள்ளி அசையாவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண் 14417. பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் எந்த நேரமும் 1098. இந்த இரண்டு எண்களும் பிள்ளைக்கும் தெரிந்திருக்கட்டும்.